ஏதோ ஒரு பறவை

என் நாவல்களில் அதிகமாக வருகிற பாத்திரம் எது என்று யாராவது கேட்டால், கதாநாயகன் பெயரையோ கதாநாயகி பெயரையோ சொல்ல எனக்கு வாய் வராது. 'ஏதோ ஒரு பறவை' என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பாத்திரம் எல்லா நாவலிலும் உண்டு. கதாநாயகி நள்ளிரவில் விம்மும்போது ஏதோ ஒரு பறவை அலறிக்கொண்டு போகும். பெரியவர் உயிர் பிரியும்போது ஏதோ ஒரு பறவை கிளையிலிருந்து எழுந்து போகும். காதலர்கள் பேச்சற்று நிற்கும்போது, பேச வேண்டியதை எழுதத் தெரியாத ஆசிரியருக்கு உதவியாக, ஏதோ ஒரு பறவை கூவும். கூலி வாங்காமல் இத்தனை வேலை செய்த ஜீவனுக்கு நான் ஒரு பெயர்கூட வைத்ததில்லை.

இது எனக்கு உறைத்தது போன மார்கழியில், தில்லை நகரில்.

கதை எழுதிப் பிழைக்க முடியாத காரணத்தால் நான் கணக்கும் பார்க்கிறேன். ஒரு கம்பெனியின் கிளைகளுக்குப் போய், அவர்கள் எழுதி வைத்திருக்கும் கணக்கைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது என் உத்தியோகம். அப்படித்தான் திருச்சிக்குப் போனேன். இரவு ரெயிலில் என் புது நாவலின் புரூப் கையில் இருந்தது. 143-ம் பக்கத்தில் பேனா நின்றது. 'எங்கோ ஏதோ ஒரு பறவை கத்தியது' என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஒற்று சரி, புள்ளி சரி. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் தில்லை நகரில் அறை எடுத்துக் குளித்துவிட்டு, காபி குடிக்க வெளியே வந்தேன். தில்லை நகரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: திருச்சியில் உடம்புக்கு வந்தாலும் அங்கே போக வேண்டும், நகை வாங்கவும் அங்கே போக வேண்டும், பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்யவும் அங்கே போக வேண்டும். வீதிகளுக்குப் பெயர் கிடையாது. முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்று எண்தான். கணக்குப் பார்க்கிறவனுக்கு ஏற்ற ஊர்.

ஒரு கிராஸின் முனையில் கூட்டம் நின்றது. பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றில் இரண்டு பேர் ஏறிக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு கடைக்காரர் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வருகிறவர்களின் கார்மேல் எச்சம் விழுகிறதாம். கடையின் பெயர்ப்பலகையும் மறைகிறதாம். மரத்தின் மேல் முப்பது நாற்பது பறவைகள் எழுவதும் உட்காருவதுமாகத் தவித்தன. உட்கார்ந்தால் மண் நிறம். எழுந்தால் வெள்ளை வெளேரென்று இருந்தன. சுள்ளிகளை அடுக்கியது போன்ற கூடுகள் கிளைக்குக் கிளை தெரிந்தன.

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன், என் கண்ணாடியையும் கதர்ச் சட்டையையும் பார்த்து நான் விஷயம் தெரிந்த மனிதன் என்று முடிவு கட்டி, "அது என்ன பறவை சார்?" என்று கேட்டான்.

"ஏதோ கொக்குப்பா" என்றேன்.

டீக்கடையில் இட்லி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏதோ கொக்கு இல்லீங்க. மடையான். மடையிலே தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்கும், பாத்ததில்லே? இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு" என்றாள். பையன் அவளிடம் போய்விட்டான். அவன் செய்தது சரி.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. கோபமாக இருந்தது. முதலில் கடைக்காரர்மேல், பிறகு என்மேல், பத்து மணிக்குள் என் ஜாதியார், அதாவது கதை எழுதுகிறவர்களும் கதை படிக்கிறவர்களுமாகிய நம் அனைவர்மேலும். அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்மேல் கோபப்பட்டால் பாதகமில்லை.

நான் நின்ற இடத்துக்கு அடுத்த ஊர் உறையூர். சோழர்களின் பழைய தலைநகரம். அதற்குக் 'கோழி' என்று ஒரு பெயர் உண்டு. ஒரு கோழி யானையை எதிர்த்துப் பொருது விரட்டியதாம். அந்த மண்ணின் வீரியத்தைப் பார்த்து அரசன் அங்கே நகரம் அமைத்தானாம். சிலப்பதிகாரத்திலேயே அந்தக் கதையின் குறிப்பு இருக்கிறது. நடந்ததோ நடக்கவில்லையோ, ஒரு ராஜதானிக்குப் பறவையின் பெயரை வைக்க வெட்கப்படாத ஜனங்கள் அவர்கள். ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் அங்கேயும் ஒரு கிளி. மணல் மூடிப்போன கோயில் இருந்த இடத்தைச் சோழ அரசன் ஒருவனுக்கு ஒரு கிளி சொல்லிக் காட்டிற்று என்பது ஐதிகம். அவனுக்குக் கிளிச்சோழன் என்றே பெயர் நிலைத்தது. கோயிலில் கிளி மண்டபம் இருக்கிறது. ஒரு பக்கம் கோழி, ஒரு பக்கம் கிளி. நடுவில் தில்லை நகரில், மெத்தப் படித்த நான், 'ஏதோ கொக்கு' என்கிறேன்.

பழைய புலவர்களைப் பாருங்கள். சத்திமுத்தப் புலவர் நாரையிடம் தம் மனைவிக்குத் தூது சொல்லி அனுப்பினார். சொல்வதற்கு முன்னால் அதன் அலகைப் பார்த்தார். பிளந்த பனங்கிழங்கு மாதிரி இருக்கிறது என்றார். பனங்கிழங்கை வேகவைத்துப் பிளந்து தின்றவர்கள் ஒரு நாரையின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கட்டும். அதற்கு மேல் ஒரு உவமை கிடையாது. அந்தப் பறவை தெற்கே போய்விட்டு மறுபடியும் வடக்கே திரும்பும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். குளிரில் வாடிப் பசியில் கிடந்த ஏழைப் புலவர் அவர். பைனாகுலர் இல்லை, ஓய்வு இல்லை, வயிற்றில் சோறு இல்லை. ஆனால் 'ஏதோ ஒரு பறவையே' என்று அவர் கூப்பிடவில்லை.

நாம் என்ன செய்தோம்? குயிலைப் பிடித்து எல்லாப் பருவத்திலும் பாட வைத்தோம். நம் கதைகளில் மார்கழிப் பனியிலும் குயில் கூவுகிறது, ஐப்பசி அடைமழையிலும் கூவுகிறது. உண்மையில் அதன் கச்சேரி மாசி பங்குனியில் தொடங்கிக் கோடை முழுவதும் நடக்கும். மற்றக் காலத்தில் அநேகமாக வாயைத் திறக்காது. அதோடு விட்டோமா? பாடும் குயிலைப் பெண்ணாக்கிவிட்டோம். 'அவள் குயில்போல் பாடினாள்' என்று எழுதாத கை நம்மில் யாருக்காவது உண்டா? பாடுவது ஆண் குயில். கன்னங்கரேலென்று சிவந்த கண்ணோடு இருக்கும். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும்; அதற்குத் தெரிந்ததெல்லாம் 'கிக் கிக் கிக்' என்று ஒரு அவசரக் கூச்சல். பாரதியார் குயில் பாட்டில் குயிலைப் பெண்ணாக்கிக் காதல் பாட வைத்தார் என்று என்னைத் தடுக்காதீர்கள். அவர் அதைக் கனவு என்று சொல்லிவிட்டே செய்தார். நாம் யதார்த்த நாவல் என்று சொல்லிவிட்டுச் செய்கிறோம்.

வானம்பாடியையும் விடவில்லை. கோவையில் 1970-களில் ஒரு கவிதை இயக்கத்துக்கே அந்தப் பெயர் இருந்தது. ஆனால் வானம்பாடியை நேரில் பார்த்தவர் எத்தனை பேர்? அது நந்தவனத்துப் பறவையன்று. பொட்டல் தரையில், மண்ணோடு மண்ணாக, காலடியில் இருந்தாலும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அந்த அற்பப் பிராணி திடீரென்று எழுந்து உயரே உயரே போய்ப் பாடும். கவிதை அங்கேதான் இருக்கிறது. தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காதவனுக்கு, எழும்புவதன் அருமை எப்படித் தெரியும்?

மத்தியானம் கிளையின் மானேஜரிடம் காலையில் பார்த்ததைச் சொன்னேன். நல்ல மனிதர். என் கதைகளைக்கூடப் படித்திருக்கிறார். "சார், நாட்டிலே எத்தனையோ பிரச்னை. வேலையில்லாத் திண்டாட்டம், விலைவாசி. இதிலே கொக்குக்காக யார் அழுவாங்க? பறவை பார்க்கிறதெல்லாம் ரிடையர் ஆனவங்களுக்கும் பணக்காரங்களுக்கும் ஏற்பட்ட பொழுதுபோக்கு சார். பெரிய காமிரா வேணும், காரு வேணும், காடு வேணும்" என்றார்.

இந்த வாதம் எனக்குப் புதிதல்ல; நானே பல தடவை சொன்னதுதான். அன்றைக்கு மட்டும் அது எனக்குப் பொய்யாகப் பட்டது. காரணம், மூன்று மணிக்கு ஸ்ரீரங்கத்தில் இன்னொரு கணக்கு இருந்தது; ஆட்டோவில் போனேன்.

ஆட்டோ ஓட்டிய தம்பிக்கு லால்குடிப் பக்கம் ஊர். சிந்தாமணி தாண்டிக் காவிரிப் பாலம் ஏறினதும், "தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆகையால் மார்கழியில் ஆற்றில் தண்ணீர் இருந்தது. பாலத்தின் பக்கவாட்டில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை ஆகாயத்தில் நின்றது. பறக்கவில்லை ஐயா, நின்றது. சிறகை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று, மூக்கைக் கீழே காட்டி, கல் விழுவதுபோல் விழுந்தது. எழுந்தபோது மூக்கில் மீன்.

"மீன்கொத்தி சார். இதுலே நீலமும் இருக்கு. அது நிக்காது, கம்பத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் விழும்" என்றார் தம்பி.

மணல் திட்டில் நீர்க்காகங்கள் வேட்டி உலர்த்துவது மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி, அலகின் நடுவில் சந்து விட்ட நாரைகள். "நத்தைகுத்தி. நத்தையை உடைச்சுத் திங்கும்." ஸ்ரீரங்கத்து வேலை ஒரு மணியில் முடிந்துவிட்டது. கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பினோம். மின்சாரக் கம்பியில் பச்சைப் பசேலென்று சின்னப் பறவைகள் வரிசையாக உட்கார்ந்து, ஒன்று மாற்றி ஒன்று பூச்சிக்குப் பாய்ந்துவிட்டுத் திரும்பி வந்தன. "பஞ்சுருட்டான்." பிளந்த வாலோடு கரிய ஒன்று. "கரிச்சான். காக்காயையே விரட்டும் சார், ரௌடி." வாழைத் தோட்டத்து ஓரத்தில் அழுக்கு மண் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. எழுந்து இறக்கையை விரித்தது. அம்மம்மா, அத்தனை நீலத்தையும் எங்கே மடித்து வைத்திருந்தது! "பனங்காடை" என்றார் தம்பி, திரும்பிப் பார்க்காமலே.

இதற்கு எனக்கு ஆன செலவு எவ்வளவு? ஆட்டோ வாடகையை எப்படியும் கம்பெனி கொடுத்துவிட்டது. நேரம்? இருபத்தைந்து நிமிஷம். காமிரா இல்லை, காடு இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு கண்களும், பெயர் தெரிந்த ஒரு மனிதரும். அந்த மனிதர் பணக்காரரும் அல்லர், ரிடையர் ஆனவரும் அல்லர். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை வண்டி ஓட்டுகிறவர். பறவை பார்ப்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று சொன்னவர் யார்? குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த மானேஜரும், அவர் எதிரில் உட்கார்ந்திருந்த நானும்.

பெரிய காமிராக்காரர்களையும் சும்மா விட எனக்கு மனமில்லை. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி திருச்சியிலிருந்து அதிக தூரமில்லை. புள்ளம்பாடி வாய்க்காலில் வரும் காவிரித் தண்ணீர் அதை நிரப்புகிறது. 1999-ல் அதைச் சரணாலயமாக்கினார்கள். 2024-ல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறிற்று. சந்தோஷம். போகிறவர்கள் போகட்டும். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை கரைவெட்டிக்குப் போய், சைபீரியாவிலிருந்தோ மங்கோலியாவிலிருந்தோ என்ன வந்திருக்கிறது என்று தேடிப் படம் எடுத்துவிட்டு வருகிறவர், தம் வீட்டு வாசல் மரத்தில் மடையான் குஞ்சு பொரித்திருப்பதைப் பார்க்கவில்லையென்றால், அவர் பார்த்தது பறவையை அல்ல, தம் சாமர்த்தியத்தைத்தான். மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் 1996-ல் மறையும்வரை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தார். காட்டு யானையைத் தேடிப் போன அதே அக்கறையோடு வீட்டுக் கொல்லைக்கு வரும் குருவியையும் காக்கையையும் பார்த்து எழுதினார். தந்தை நாவலாசிரியர்; பிள்ளைக்கு வாய்த்த கண் நம்மில் வேறு எந்த நாவலாசிரியருக்கும் வாய்க்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இன்னொன்றும் பார்த்தேன். ராஜகோபுரத்துக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டது. வெள்ளைத் தலை, செம்மண் நிற உடம்பு. கீழே கடை வைத்திருந்தவர், பூ வாங்கியவர், வண்டியை நிறுத்தியவர், எல்லாரும் நிமிர்ந்து "கருடன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உள்ளம் நிறைந்தது. ஆகா, ஒரு பறவைக்காவது பெயரும் மரியாதையும் இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த நிமிஷமே திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வந்தது.

திருக்கழுக்குன்றத்து மலைமேல் தினமும் மத்தியானம் கழுகுகள் வந்து பண்டாரம் கொடுக்கும் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். ஊர் பெயரிலேயே கழுகு உண்டு. எத்தனை தலைமுறை ஜனங்கள் மலையேறிக் கும்பிட்டார்கள்! 1990-களின் இறுதியோடு அவை வருவது நின்றுவிட்டது. கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள்? கலி முற்றிவிட்டது என்றார்கள். அதே காலத்தில் இந்தியா முழுவதும், செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்த பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மாண்டுபோயின. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்துதான், இறந்த மாட்டின் இறைச்சி வழியாகப் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004-ல் சொல்லிற்று. 2006-ல் இங்கே அந்த மருந்தை மாட்டுக்குப் போடுவதைத் தடை செய்தார்கள். அதற்குள் முக்கால்வாசிக் கதை முடிந்துவிட்டது. 'பாறு' என்ற தமிழ்ச் சொல்லைச் சங்கப் புலவர்கள் அறிவார்கள். எனக்கு அகராதியைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. பெயர் தெரியாத ஒன்று காணாமற்போனால், எதைக் காணோம் என்று புகார் எழுதிக் கொடுப்பது?

கும்பிடுவது வேறு, பார்ப்பது வேறு. கும்பிடுகிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது. வேடந்தாங்கல் குடியானவர்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்புக்கு எழுத்தே வாங்கிவிட்டார்கள். காருண்யம் மட்டும் காரணமல்ல. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக் கண்மாய்களை ஒட்டிய ஊர்க்காரர்கள், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது சாமானியமான காரியமா?

வேடந்தாங்கலில் விழுந்தாலும் எச்சம்தான். தில்லை நகரில் விழுந்தாலும் எச்சம்தான். அங்கே அதை உரம் என்றார்கள். இங்கே கார்மேல் கறை என்கிறோம். எழுத்தறிவு குறைந்த அந்தக் குடியானவர்கள், இருநூறு வருஷத்துக்கு முன்னால், அதிகாரியிடம் போய் வழக்குப் பேசினார்கள். பத்து வருஷம் படித்துப் பட்டம் வாங்கிய நான், மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் தில்லை நகருக்குத் திரும்பினேன். மரம் இருந்தது, கிளைகள் இல்லை. கடையின் பெயர்ப்பலகை மிக அழகாகத் தெரிந்தது. வெட்டிய அடிக்கிளைகளின் முண்டுகளில் ஏழெட்டு மடையான்கள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கீழே நசுங்கிய நீலப் பச்சை ஓடுகள். டீக்கடை அம்மாள் ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே துணிமேல் இரண்டு குஞ்சுகள். மூன்றாவதைக் காக்கை கொண்டுபோய்விட்டதாம்.

"இதுக்கு என்ன கொடுக்கிறது சார்? மீன் வாங்கியாந்தேன், திங்கலே. யார்கிட்டே சொல்றது?" என்று கேட்டாள்.

எனக்கு ரெயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அதுதான் நான் சொன்ன பதில்.

ஊருக்குத் திரும்பியபிறகு 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அதில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லும்போது, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான் என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது, காலை ஏழு மணிக்கு வனத்துறைக்கு ஒரு டெலிபோன் செய்து, "தில்லை நகரில் இன்ன கிராஸில், மடையான்கள் குஞ்சு பொரித்திருக்கும் மரத்தை வெட்டுகிறார்கள்" என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவர்கள் வந்திருப்பார்களா என்பது வேறு கேள்வி. நான் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. சொல்வதற்கு என்னிடம் என்ன வாக்கியம் இருந்தது? 'ஏதோ கொக்கு' இருக்கும் மரம் என்றா?

மானேஜரின் வாதத்துக்கு இப்போது பதில் சொல்கிறேன். நாட்டில் பிரச்னைகள் உண்டு, மெய். ஆனால் பறவையைப் பார்க்காமல் நாம் மிச்சம் பிடித்த நேரத்தில் எந்தப் பிரச்னையைத் தீர்த்துவிட்டோம்? ஆட்டோவில் போகும்போது கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷங்களில் நான் விலைவாசியைக் குறைக்கவில்லை. 1958-ல் சீன தேசத்தில் நாட்டுப் பிரச்னையைத் தீர்ப்பதாகச் சொல்லித்தான் சிட்டுக்குருவியை ஒழிக்கக் கிளம்பினார்கள். குருவி நெல்லைத் தின்கிறது என்பது கணக்கு. அது பூச்சியையும் தின்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். பூச்சி பெருகிப் பயிரைத் தின்றது. 1960-ல் குருவியின் பெயரை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்திருக்கும் கணக்கில் கையெழுத்துப் போடக்கூடாது.

கதை படிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு என்றேனே, அதன் காரணம் இது. கதாநாயகி கட்டியிருக்கும் புடவை காஞ்சீபுரமா ஆரணியா என்று எழுதாவிட்டால் கடிதம் போடுகிறீர்கள். ஜாதகத்தில் கிரகம் ஒரு வீடு தள்ளிப்போனால் சண்டைக்கு வருகிறீர்கள். இத்தனை வருஷத்தில், 'ஐயா, 87-ம் பக்கத்தில் கத்தியது என்ன பறவை?' என்று ஒரே ஒரு கடிதம் எனக்கு வந்ததில்லை. கேட்காதவரிடம் சரக்கைக் குறைத்துப் போடுவது வியாபாரிகளுக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல.

அன்று திரும்பும் ரெயிலில் 143-ம் பக்கத்தை மறுபடியும் எடுத்தேன். கிராமத்துப் பெண் ஒருத்தி நடுநிசியில் யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு வெளியேறிக் குளக்கரை வழியாகப் போகிறாள். 'எங்கோ ஏதோ ஒரு பறவை கத்தியது.' அந்த வேளையில், அந்த இடத்தில், என்ன கத்தும்? வெகுநேரம் யோசித்தேன். பிறந்த ஊரில் என் பாட்டி இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு, "ஆள்காட்டி கத்துது. யாரோ குளக்கரையிலே போறாங்க" என்று சொன்னது எங்கிருந்தோ வந்தது. ஆள்காட்டி! தரையில் முட்டையிட்டுக் காவல் இருக்கும் பறவை; ஆள் நடமாட்டம் தெரிந்தால் இரவானாலும் ஊரைக் கூட்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

வாக்கியத்தை அடித்துவிட்டு 'குளக்கரையில் ஆள்காட்டி கத்தியது' என்று எழுதினேன். எழுதினதும் கதை என் கையை மீறிப் போய்விட்டது. ஆள்காட்டி கத்தினால் உள்ளே படுத்திருக்கும் மாமியாருக்குக் கேட்குமே! அவள் எழுந்து விளக்கை ஏற்றுவாளே! யாருக்கும் தெரியாமல் போனாள் என்று நான் எழுதியிருந்தது இனி நிற்காது. மாமியாருக்குத் தெரியும், தெரிந்தும் கதவைத் திறக்கவில்லை. அவள் ஏன் திறக்கவில்லை என்பதுதான் கதை என்று 143-ம் பக்கத்தில்தான் எனக்கே புரிந்தது. நாற்பது பக்கம் மாற்றி எழுதினேன். பதிப்பாளர் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

பெயர் தெரிந்ததனால் ஒரு பக்கம் உயிர் பெற்றது. அந்தப் பெட்டியில் இருந்த இரண்டு குஞ்சுகளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதக் கணக்குக்கு வேறொருவரை அனுப்பினார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

வாசகர்களே, உங்களிடம் நான் கேட்பது அதிகமல்ல. காடு போகச் சொல்லவில்லை; காமிரா வாங்கச் சொல்லவில்லை. நாளைக்கு உத்தியோக நிமித்தம் எங்கேயாவது போவீர்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே கம்பியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதைப் பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்; அவருக்கும் தெரியாவிட்டால் டீக்கடையில் கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டு வாசல் மரத்தில் இருப்பது இன்னது என்று எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 'ஏதோ' என்று ஆரம்பிக்கிற கடிதங்களை மட்டும் நான் படிப்பதாக இல்லை.